மேற்படி தங்காயி

உட்காருங்கள் தம்பி. பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், தாராளமாக உட்காருங்கள். எலச்சிபாளையம் தாண்டுகிற வரைக்கும் இந்த வண்டி இப்படித்தான் பிதுங்கும். அப்புறம் காலை நீட்டிக்கொண்டு போகலாம். நீங்களும் திருச்செங்கோடுதானா? நல்லதாகப் போயிற்று.

நான் ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருகிறேன். காலை எட்டு மணிக்கு நாமக்கல்லில் வந்து இறங்கியவன். இப்போது மணி நாலு. ஜூலைக் கடைசி பாருங்கள், வரிக் கணக்குக் கொடுக்கிற சமயம், லாரி வைத்திருக்கிறவன், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன் அத்தனை பேரும் அங்கேதான் கிடக்கிறான். எனக்கு அவ்வளவு பெரிய வேலையெல்லாம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கவர்மென்டுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியத்தை அடிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதை அடிக்காவிட்டால் ஆடி முடிந்ததும் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வீட்டை. நான் வேர்வை சிந்திச் சம்பாதித்த காசில் வாங்கிய வீட்டை.

யார் காலி செய்யச் சொல்வதா? தங்காயிதான். என் வீட்டில் இருக்கிறவள். என் மகளைப் பெற்றவள். சம்சாரமா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால்தான் இவ்வளவும்.

என் பெயர் செங்கோடன். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் மிதித்ததில்லை. பன்னிரண்டு வயதில் வெல்டிங் கம்பியைப் பிடித்தேன், அறுபத்தைந்து ஆகிறது, இன்னும் விடவில்லை. இந்தக் கண்ணைப் பாருங்கள், எந்நேரமும் சிவந்தே கிடக்கும். குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். நெருப்பைப் பார்த்த கண்.

தங்காயியின் அப்பன் ராக்கியண்ணன். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அந்த ஆளிடம் போய் நான் பெண் கேட்டேன். நானே போனேன். எனக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான். பால் ஊற்ற வந்த ஜனம் முப்பது பேர் வரிசையில் நிற்கிறது. அத்தனை பேர் முன்னால் அந்த ஆள் நீலப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்பனே, உன் பேரை இந்தக் காகிதத்துல எழுது. எழுதிட்டா பொண்ணை இப்பவே கையைப் புடிச்சுக் குடுத்துடறேன்."

எனக்கு அப்போது கைநாட்டுத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒரு கிழவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் இந்தக் காதில் இருக்கிறது. அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது, சிரிப்பு மட்டும் சாகவில்லை.

கொஞ்ச நாளில் தங்காயி தானாக வந்துவிட்டாள். ஒரு தகரப் பெட்டியோடு பட்டறை வாசலில் நின்றாள். நான் ஒரு கேபினுக்குக் கூரை வைத்துக்கொண்டிருந்தேன். "வந்துட்டேனுங்க" என்றாள். "சரி, அக்கட்டால தள்ளி நில்லு, பொறி தெறிக்கும்" என்றேன். அவ்வளவுதான். மேளமா தாளமா.

மறுநாளே கோயிலில் வைத்துக் கட்டிவிடச் சொன்னார்கள் பட்டறைப் பையன்கள். நான் முடியாது என்றேன். ஒளித்து வைத்துத் தாலி கட்ட நான் என்ன திருடனா? அந்த ராக்கியண்ணன் தட்டில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு, அதே முப்பது பேர் பார்க்க, என் பட்டறைக்கு வந்து, "செங்கோடா, என் பொண்ணைக் கட்டிக்க" என்று கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கட்டுகிறேன். கேட்காதவரைக்கும் கட்டமாட்டேன். தங்காயியிடமும் அதைத்தான் சொன்னேன். நியாயம்தானே?

அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு என் பெயரை எழுதச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம் ஆயிற்று. ‘செ’ போட வரும், அப்புறம் ‘ங்’ போடும்போது கை வெல்டிங் அடிக்கிற மாதிரி நடுங்கும். அவள் கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்தாள். இன்றைக்கு என் கையெழுத்தைப் பார்த்தால் வாத்தியார் எழுதியது என்பீர்கள்.

ராக்கியண்ணன் வரவில்லை. பதினொரு வருஷம் இருந்தார், வரவில்லை, செத்துப்போனார். எழவுக்கு நான் போகவில்லை. அவள் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இனி யாருங்க வரோணும்?" என்றாள்.

"உன் அண்ணன் இருக்கறானில்ல. அவன் தட்டோட வரட்டும்."

சொல்லி வைத்த மாதிரி அவனும் வந்தான் தம்பி. நான் இல்லை என்று சொல்லவில்லை. தட்டு, பழம், வேட்டி துண்டு எல்லாம் கொண்டுவந்தான். ஆனால் எப்படி வந்தான்? பட்டறைக்கு வெளியே மொபெட்டை நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. "மாப்ள, வாங்கிக்கங்க" என்கிறான். இஞ்சினை அணைக்கக்கூட மனசில்லாதவன் என்ன மரியாதையோடு வந்திருப்பான்? போய்விட்டு வா என்றேன். தங்காயி உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். கோகிலா பிறந்து ஐந்து வயது அப்போது. ஊரில் எல்லோரும் ‘செங்கோடன் ஊட்டுக்காரி’ என்றுதான் சொன்னார்கள். அப்புறம் எதற்குத் தாலி?

ஆனால் ஒன்று. காகிதத்தில் மட்டும் அவள் ராக்கியண்ணன் மகளாகவே இருந்தாள். ரேஷன் கார்டு தனி. ஓட்டர் கார்டில் தந்தை பெயர் ராக்கியண்ணன். எங்கே திருப்பினாலும் அந்த ஆள் பெயர். சங்ககிரி ரோட்டில் கட்டடம் வாங்கினேனே, கீழே மூன்று கடை, மேலே வீடு. இருபத்திரண்டு லட்சம் என் பணம். பட்டறை மேல் பேங்க் கடன் இருந்தது, அதனால் இவள் பெயரில் வாங்கினேன். பத்திரத்தில் எப்படி வந்தது தெரியுமா? ‘ராக்கியண்ணன் அவர்கள் குமாரத்தி தங்காயி.’ என் காசுக்கு அந்த ஆள் பெயர். ‘அவர்கள்’ வேறு.

சரி, வருமான வரிக் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு ஆடிட்டர் கிடையாது. டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த ஆறுமுகம்தான் பாரம் நிரப்பித் தருவான், முந்நூறு ரூபாய். கட்டடம் வாங்கிய வருஷம் அவன் கேட்டான், "அண்ணா, அக்காவுக்கு இருபத்திரண்டு லட்சம் எங்கிருந்து வந்ததுன்னு காட்டோணும். என்ன போடட்டும்?" நான் என்ன கண்டேன்? "நான் குடுத்தேன்னு போடு" என்றேன். அவன் ‘கணவர் கொடுத்த அன்பளிப்பு’ என்று போட்டுவிட்டான். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தால் வரி கிடையாதாம். அடுத்த வருஷத்திலிருந்து கடை வாடகை மாதம் முப்பதாயிரம் வந்தது. அதை ஆறுமுகம் தங்காயி பெயரில் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். அவளுக்கு வேறு வருமானம் இல்லை, அதனால் ஒரு பைசா வரி இல்லை. நான்கூட அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பயல் என்று நினைத்தேன்.

கொரோனா முடிந்து வந்தது நோட்டீஸ். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ஆறுமுகம் கடையை மூடிவிட்டு மருமகன் ஊருக்குப் போய்விட்டான். அப்புறம்தான் நாமக்கல்லில் மகாலிங்கம் ஆடிட்டரிடம் போனோம். நானும் தங்காயியும். நல்ல மனுஷர். சாந்தமாகப் பேசுவார். எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"செங்கோடண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. தங்காயியக்கா உங்களுக்கு என்ன வேணும்?"

"என்ன வேணும்னா?"

"சம்சாரமா, இல்லையா? நான் வம்புக்குக் கேக்கலை. டிபார்ட்மென்ட் கேக்குது."

நான் சிரித்தேன். "அதை அவங்ககிட்ட எதுக்குங்க சொல்லோணும்?"

"சொல்லித்தான் ஆகோணும். சம்சாரம்னா, நீங்க குடுத்த பணத்துக்கு அவங்க வரி கட்ட வேண்டியதில்லை. ஆனா அந்தப் பணத்துல வாங்குன கட்டடத்தோட வாடகை உங்க வருமானத்துலதான் சேரும். அவங்க தனியாக் காட்ட முடியாது. சம்சாரம் இல்லைன்னா வாடகை அவங்களோடது. ஆனா நீங்க குடுத்த பணமே அவங்களுக்கு வருமானம், அதுக்கு வரி கட்டியிருக்கோணும். கல்யாணம் ஆகாதவங்களுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனிதான். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? பணம் குடுக்கறப்ப புருசன். வாடகை வர்றப்ப யாரோ."

"அப்ப கோகிலா காலேஜ் பீசை என் கணக்குல கழிச்சனே, அது?"

"அது சரிதான். புள்ளைக்கு நீங்க அப்பா. பீசு நீங்க கட்டுனீங்க. அதுக்குக் கல்யாணம் தேவையில்லை, ரசீது போதும்."

பாருங்கள் தம்பி, பிள்ளைக்கு அப்பன் என்பதற்கு ரசீது போதுமாம். நான் அதையும் சொல்லிச் சிரித்தேன். ஆடிட்டரும் கொஞ்சம் சிரித்தார். தங்காயி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் விளங்காது.

நான் விஷயத்துக்கு வந்தேன். "ரெண்டுல எதுங்க சல்லிசு?"

ஆடிட்டர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அப்புறம் கால்குலேட்டரைத் தட்டினார். "பணம் குடுத்த வருசம் பழசு, அதை இனிமேத் தோண்ட மாட்டாங்க. அதனால சம்சாரம் இல்லைன்னு சொன்னா ஒண்ணும் கட்ட வேண்டியதில்லை. சம்சாரம்னு சொன்னா, கேட்டிருக்கற மூணு வருசத்து வாடகையும் உங்க வருமானத்துல ஏறும். வட்டியெல்லாம் சேத்து ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் வரும்." அப்புறம் அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவரையே கேளுங்க சார்" என்றாள் தங்காயி. "நானும் அவரைத்தான் கேட்டுட்டு இருக்கறேன், வந்த நாளா."

"இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றேன். "இல்லைன்னு எழுதுங்க."

நீங்களே சொல்லுங்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றால் அன்றைக்கு ஒரு லாரிக்கு முழு பாடி கட்டுகிற கூலி. சும்மா தூக்கிக் கொடுக்க முடியுமா? அதுவும் பொய்யா எழுதினேன்? தாலி கட்டவில்லை, கட்டவில்லை என்று எழுதினேன். உண்மையைச் சொன்னவனுக்குத்தான் தம்பி இந்தக் காலத்தில் அடி.

டைப் அடித்து வந்ததும் ஆடிட்டர் உரக்கப் படித்துக் காட்டினார். எனக்குப் படிக்க வராது என்பதற்காக. ‘மேற்படி தங்காயிக்கும் எனக்கும் திருமணம் எதுவும் நடைபெறவில்லை. நாங்கள் கணவன் மனைவி அல்ல. ஒருவர் சொத்திலோ வருமானத்திலோ மற்றவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை.’ மூன்று வாக்கியம். அந்த நடு வாக்கியம்தான் இப்போது அடிக்க வேண்டியது. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குப் பார்த்து அவ்வளவு அழகாக விழுந்தது, ஒரு நடுக்கம் இல்லை. "பாரு, ‘ங்’ எப்படி வந்திருக்குது" என்று தங்காயியிடம்கூடக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "நல்லா வந்திருக்குதுங்க" என்றாள். அவளும் போட்டாள்.

கேஸ் முடிந்தது. ஒரு பைசா கட்டவில்லை. வரும் வழியில் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம். என் பரோட்டா மூன்று, அவள் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி. காலையில் நான் பட்டறைக்குக் கிளம்புகிறேன். படிக்கட்டில் நிற்கிறாள், கையில் ஒரு ரசீது புத்தகம். ஸ்டேஷனரிக் கடையில் நாற்பது ரூபாய்க்கு விற்பது.

"மாடிக்கு நாலாயிரம் போட்டிருக்கறேனுங்க" என்றாள்.

"என்னது?"

"வாடகை."

"ஆருக்கு ஆரு வாடகை குடுக்கறது? தமாசு பண்றயா?"

"தமாசு இல்லீங்க. சம்பந்தமில்லாத ஆம்பளை ஒருத்தர் மாடியில சும்மா குடியிருக்கறாருன்னா நாளைக்கு ஆபீசர் கேக்க மாட்டாரா? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

நான் இரண்டு நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவள் கீழே கடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மாடியில் நான் மட்டும். சரி தொலைகிறது என்று நாலாயிரத்தைக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள். ரசீது எழுதினாள். ‘திரு. செங்கோடன் அவர்களிடமிருந்து.’ அவள் அப்பன் எழுதுகிற அதே குண்டு எழுத்து. நாலு வருஷமாகத் தம்பி, நாற்பத்தெட்டு ரசீது. ஒரு மாதம் தவறியதில்லை. வாடகை வாங்கிய பிறகும் மேலே வரவில்லை. அந்தச் சின்ன அறையே அவளுக்குப் பழகிவிட்டதாம். நான் கொடுக்கிற வாடகையையும் கணக்கில் காட்டி, தானே போய் வரிக் கணக்குக் கொடுக்கிறாள், வேறு ஆடிட்டரிடம். என்னிடம் பேனா கடன் கேட்பதுகூட இல்லை. மூன்று வேளையும் சோறு மட்டும் மேலே வந்துவிடும். காலையில் பழைய சோறு என்றால் மோர் மிளகாய் உண்டு, ராத்திரி என்றால் எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு. சோற்றுக்கு ரசீது போடவில்லை. அதை மறந்துவிட்டாள் போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கோகிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், உங்கம்மா பண்ணுகிற அநியாயத்தைப் பாரு என்று. கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். "அப்பா, அந்தக் காகிதத்தை நானும் படிச்சேன்" என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சு. நான் கட்டிய பீசில் படித்த பெண்.

இப்போது விஷயம் என்ன ஆயிற்று என்றால், கோகிலா அங்கே வீடு எடுத்துவிட்டாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள். என்னையும் கூப்பிட்டாளா என்று கேளுங்கள். "ஒரே பெட்ரூம்ப்பா" என்றாள். தங்காயி போகப் போகிறாள். கட்டடம் முழுவதையும் ஒரு துணிக்கடைக்காரனுக்கு விடுகிறாளாம், மாடியையும் சேர்த்து. ஆடியில் யாரையும் வீடு மாற்றச் சொல்லக்கூடாது என்று எனக்குச் சலுகை. "ஆவணி ஒண்ணாந் தேதி காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றாள். எனக்கு! அட்வான்ஸ் கொடுக்காததால் திருப்பித் தர ஒன்றுமில்லை என்றும் சொன்னாள்.

பட்டறையில் படுத்துக்கொள்ளலாம், அது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் கட்டடம் என்னுடையது தம்பி. அவள் என் சம்சாரம் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யார் என்னைக் காலி செய்யச் சொல்ல முடியும்? அதற்குத்தான் போன வாரம் மகாலிங்கத்திடம் போனேன். அந்த வாக்கியத்தை அடியுங்கள் என்றேன்.

அவர் முதலில் சொன்னார், "அண்ணா, இதனால வீடு உங்களுக்கு வந்துடாது. பத்திரம் அக்கா பேர்ல இருக்குது." எனக்குத் தெரியும், நீங்கள் அடியுங்கள் என்றேன். "அப்படின்னா வாடகையை உங்க வருமானத்துல சேத்து, கடந்த வருசக் கணக்கையெல்லாம் திருத்திக் குடுத்து, கூடுதலா வரி கட்டோணும். மூணு லட்சத்து நாப்பது வரும்." சரி என்றேன். கேட்கிறீர்களா, சரி என்றேன்! அன்றைக்கு இரண்டு எண்பதுக்கு இல்லை என்றவன் இன்றைக்கு மூன்று நாற்பதுக்குச் சரி என்கிறேன். ஒரு பெண்ணுக்காக மூன்றரை லட்சம் எவன் கட்டுவான்? அதை நினைத்துப் பார்க்கிறாளா அவள்?

ஆடிட்டர் புதுக் காகிதம் தயார் செய்தார். ‘மேற்படி தங்காயி என் மனைவி.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மத்தியானம், அவள் கீழே கொள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்படி அவள் முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை, என்னவோ மாதிரி இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"இதுல ஒரு இடம் காலியா இருக்குதுங்களே" என்றாள்.

"எங்க?"

"‘திருமணம் நடைபெற்ற நாள்’னு போட்டு, புள்ளி புள்ளியா விட்டிருக்குது."

"ஆடிட்டர் விட்டுட்டாரு. அதை நான் எழுத மாட்டேன், நீங்க ரெண்டு பேரும் பேசி நிரப்பிக்கங்கன்னாரு. எதையாச்சும் போட்டுக்கலாம்."

"எதையாச்சும்னா?"

"கட்டடம் வாங்குனதுக்கு முந்துன தேதியா இருக்கோணும். அவ்வளவுதான்."

அவள் காகிதத்தைத் தொடையில் வைத்து நீவிவிட்டாள். "சரிங்க. நான் பொட்டியோட வந்தனே, அந்த நாளையே போட்டுக்கலாம். என்னைப் பொறுத்தவரைக்கும் அதுதான். என்ன தேதின்னு சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நான் யோசித்தேன். எனக்குத் தேதி ஞாபகம் இருக்காது என்று நினைக்காதீர்கள். அவள் அப்பன் பேனாவை நீட்டிய நாள் கேளுங்கள்: தொண்ணூற்று மூன்று, ஆவணி பதினொன்று, வெள்ளிக்கிழமை. அவள் அண்ணன் இஞ்சினை அணைக்காமல் நின்ற நாள் கேளுங்கள்: தை இருபத்தொன்று. இரண்டையும் அவளிடம் சொன்னேன், என் ஞாபகசக்தி தெரியட்டும் என்று.

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "நான் வந்த நாளு?"

"மழைக்காலம்."

"வெயிலு கொளுத்துச்சு."

"சரி, வெயிலு. நீயே சொல்லேன், உனக்குத்தான் தெரியுமே. எழுதிப் போடு, ஆச்சு."

"நீங்க சொல்லோணும்."

"இல்லைன்னா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது. துணிக்கடைக்காரரு ஆவணி ரெண்டாந் தேதி பால் காய்ச்ச வர்றாரு." முறத்தை எடுத்துக்கொண்டாள். புடைக்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "பழசு ஞாபகமில்லைன்னாலும் பரவால்லைங்க. இனி வர்ற தேதியா இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்" என்றாள். இதற்கு என்ன அர்த்தம்? வரப்போகிற தேதியைப் போட்டால் பழைய வருஷத்துக் கணக்கு எப்படித் திருந்தும்? பத்தாவது படித்தவள், இதுகூட விளங்கவில்லை.

ஒரு தேதிக்காக, தம்பி. ஒரு நம்பருக்காக என்னைத் தெருவில் நிறுத்துகிறாள். அந்த ராக்கியண்ணன் புத்தி அப்படியே இருக்கிறது. அவர் பெயரை எழுது என்றார், இவள் தேதியைச் சொல் என்கிறாள்.

இன்றைக்கு ஆடிட்டரிடம் அதைத்தான் சொல்லப் போனேன், நீங்களே ஒன்றைப் போட்டுக் கொடுங்கள் என்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணா, அது உங்க வீட்டு விசயம். நான் போட்டா அது பொய்" என்கிறார். அங்கே வேலை செய்கிற கற்பகம் என்ற பெண் இருக்கிறாளே, அவளுக்குக் கொழுப்பு. "தாத்தா, ஆவணியில நல்ல முகூர்த்தம் நிறைய இருக்குது" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

என்ன சொன்னீர்கள்? நீங்களும் அதையே சொல்கிறீர்களா? ஆவணியில் ஒரு நாள் பார்த்துக் கட்டிவிடுவதா? இந்த வயதிலா? சரி, ஒரு பேச்சுக்குக் கட்டுகிறேன் என்றே வையுங்கள். யார் தட்டோடு வந்து கேட்பார்கள்? அவள் அண்ணனும் போன வருஷம் போய்விட்டான். கேட்க ஆள் இல்லாமல் நானாகப் போய்க் கட்டுவதா? முப்பத்திரண்டு வருஷம் பிடித்த பிடியை ஒரு வீட்டுக்காக விட்டான் செங்கோடன் என்று ஊர் பேச வேண்டும், அதுதானே? அதெல்லாம் நடக்காது. அதோடு அதனால் பழைய வருஷத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டடத்துக்கு முந்திய தேதிதான் வேண்டும்.

அதோ, திருச்செங்கோட்டு மலை தெரிகிறது. இன்னும் பத்து நிமிஷத்தில் நான் இறங்கிவிடுவேன். உங்களைப் பார்த்தால் படித்தவராகத் தெரிகிறது. பேனா இருக்கிறதா? இதோ காகிதம், மடித்தே வைத்திருக்கிறேன். இந்தப் புள்ளி வைத்த இடம்தான். தொண்ணூற்று மூன்றோ நாலோ, அந்தப் பக்கமாக ஒரு தேதி போட்டுக் கொடுங்கள். வெயில் காலமாகப் பார்த்துப் போடுங்கள், வெயில் கொளுத்தியது என்றாள். அதில் மட்டும் தப்பு வந்துவிடக் கூடாது.

ஏன் தம்பி தயங்குகிறீர்கள்? உங்களுக்குத் தோன்றுவதைப் போடுங்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம். அவளுக்கு மட்டும் ஞாபகம் இருக்கவா போகிறது?